பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுமுன்...

மிக்ஸி ஜாடியில் கசிவு, பிரிட்ஜில் துர்வாடை, குக்கர் காஸ்கெட் தளர்ச்சி என்று இந்தப் பகுதிக்கு எழுதிக் கேட்டுக் கொண்டிருந்த சகோதரிகள், இப்போது கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கடிதம் எங்கிருந்து வந்தாலும் விஷயம் ஒன்றுதான். "எங்கள் லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது என்று அறிவிப்பு வந்து பயமுறுத்துகிறது. கடையில் கேட்டால் புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். லினக்ஸ் போட்டால் போதும் என்கிறான் பையன். போடலாமா? போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் என்ன ஆகும்?"

கடைசிக் கேள்விதான் உயிரான கேள்வி. அதற்குப் போகுமுன் அந்த அறிவிப்பு என்ன சொல்கிறது என்று தெரிந்து கொண்டு விடுவோம்.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். பத்து வருஷம் ஓடி, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதற்கு வழக்கமாக அனுப்பி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக் கொண்டது. பதிவு செய்து கொள்ளும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் கெடு. ஆதரவு முடிந்தது என்றால் மெஷின் நின்று விடும் என்று அர்த்தமில்லை. பூட்டு இருக்கும், சாவியும் இருக்கும். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கத் திருடன் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தால், சரி செய்து கொடுக்க ஆள் இருக்காது. சரி, விண்டோஸ் 11 போட்டுக் கொள்ளலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், சற்றே புதிய ப்ராசஸரும் வேண்டும். 2017-க்கு முன்னால் வாங்கியவற்றில் பெரும்பாலானவை தேறாது.

கும்பகோணத்தில் இருக்கும் என் நாத்தனாரின் லேப்டாப்பும் அப்படித் தேறாமல் போனதுதான். 2016-ல் வாங்கியது. வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். வாடிக்கைக்காரர்களின் அளவு, ரசீது, வர வேண்டிய பாக்கி, எல்லாம் அதில் எக்ஸல் கணக்காக இருக்கிறது. அதைவிட முக்கியமாக, 2021-ல் தவறிப் போன அவள் கணவரின் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

"அண்ணி, கடைக்காரர் இதைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கச் சொல்றார். இவன் என்னடான்னா பத்து நிமிஷத்துல லினக்ஸ் போட்டுத் தரேங்கறான். எனக்கு ரெண்டுமே பயமா இருக்கு" என்றாள்.

மகன் காலேஜில் படிக்கிறவன். கெட்டிக்காரன்தான். "ஒண்ணும் ஆகாது அத்தை. ஃபார்மட் பண்ணிட்டுப் போட்டா புது மெஷின் மாதிரி பறக்கும்" என்றான்.

"ஃபார்மட் பண்ணினா அப்பா போட்டோ எங்கேடா போகும்?"

"அதெல்லாம் கூகிள்ல இருக்குமே, அத்தை!"

எடுத்துப் பார்க்கச் சொன்னேன். போனில் எடுத்தவை மட்டும்தான் அங்கே இருந்தன. அந்தக் காலத்துக் கேமராவில் எடுத்து லேப்டாப்பில் இறக்கி வைத்தவை, மூத்தவள் கல்யாணம், திருச்செந்தூர் பயணம், அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது, ஒன்றுகூட இல்லை. உலகத்திலேயே ஒரே பிரதி அந்த லேப்டாப்புக்குள். பையன் முகம் சுருங்கி விட்டது. பாவம், அவனுக்கும் அப்பாதானே.

சகோதரிகளே, லினக்ஸ் நல்லதா கெட்டதா என்பது அப்புறம். எந்த வீட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: உள்ளே இருப்பவற்றில் எதெல்லாம் வேறெங்கும் இல்லை? அன்று வேறு எதையும் தொட விடவில்லை நான். வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வரச் சொல்லி, படங்கள், கணக்கு, சான்றிதழ்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் அதில் நகலெடுத்தோம். நகலெடுத்தால் மட்டும் போதாது. அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, எல்லாம் திறக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் நாத்தனார் காப்பி குடித்தாள்.

இனி லினக்ஸுக்கு வருகிறேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 1991-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயசுப் பையன் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983-ல் தொடங்கி வைத்திருந்த சுதந்திர மென்பொருள் முயற்சியோடு அது சேர்ந்து, உலகம் முழுக்கப் பலர் கை கொடுத்து வளர்த்தது. உங்கள் கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கும் அடியில் இருப்பது லினக்ஸ்தான். தெரியாமலே உபயோகித்துக் கொண்டிருக்கிறோம். 2011 முதல் தமிழக அரசு மாணவ மாணவியருக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்புகளில்கூட விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது.

லினக்ஸில் பல ரகங்கள் உண்டு. ஒரே மாவில் தோசையும் ஊத்தப்பமும் மாதிரி. விண்டோஸ் பழகியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். 2006-லிருந்து வருகிறது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பார்க்கப் பழகினதாகவே இருக்கும். அதன் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. விலை கிடையாது. மெமரி 2 ஜி.பி. இருந்தாலே ஓடும், 4 இருந்தால் சௌகரியம். மின்ட்டிலேயே மூன்று பதிப்புகள். பழைய மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பை எடுங்கள்.

இதில் பெண்களாகிய நமக்குப் பிடித்தமான ஒரு விஷயம் இருக்கிறது. புடவை வாங்குமுன் கடை வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பிரித்துப் பார்ப்போமில்லையா? அந்த மாதிரி, லினக்ஸை லேப்டாப்பில் ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு பென் டிரைவில் அதைப் பதிந்து, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினால், முழு லினக்ஸும் மெமரியில் ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் பாட்டுக்குத் தூங்கிக் கொண்டிருக்கும். அணைத்து, பென் டிரைவைப் பிடுங்கி விட்டால் மறுபடி பழைய விண்டோஸ். இந்த முறையைப் பிரபலப்படுத்தியது 2000-ல் வந்த ஜெர்மனியின் 'க்னாப்பிக்ஸ்'. அப்போது ஸி.டி., இப்போது பென் டிரைவ். இதற்கு 'லைவ்' என்று பெயர்.

பென் டிரைவ் 8 ஜி.பி. இருந்தால் தாராளம். அதில் ஏற்கனவே உள்ளது எல்லாம் அழிந்து விடும், ஞாபகம் இருக்கட்டும்! பேரன் நாட்டிய வீடியோ இருக்கிற பென் டிரைவை எடுத்து விடாதீர்கள்.

மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். ஏறக்குறைய 3 ஜி.பி. இருக்கும். இறக்கியதும் அது அசல்தானா என்று பார்க்க வேண்டும். இது வெட்டி வேலை என்று பையன் சிரித்தான். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள்ளேயே விஷமிகள் புகுந்து, இறக்கும் இணைப்பைக் கலப்படச் சரக்குக்கு மாற்றி விட்டார்கள். ஒரே நாளில் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள் என்றாலும், நடந்தது நடந்ததுதானே. பருப்பை வாங்கி முறத்தில் போட்டுப் பார்க்காமல் உலையில் போடுவோமா? தளத்தில் அந்தக் கோப்புக்கு 'ஷா 256' என்று 64 எழுத்து-எண் கொண்ட ஒரு கைரேகை போட்டிருப்பார்கள். பென் டிரைவில் பதிய உதவும் 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருளில் ஒரு 'டிக்' பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் நீங்கள் இறக்கியதன் கைரேகையைச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. ரூஃபஸையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். விளம்பரத்தில் மின்னுகிற பச்சைப் பொத்தான்களைத் தொட வேண்டாம்.

ரூஃபஸில் 'ஸ்டார்ட்' அழுத்துமுன், நகலெடுத்து வைத்த டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்து விடுங்கள். தவறிப் போய் அதன்மேல் பதிந்து விட்டால் பிறகு அழுது பிரயோஜனமில்லை.

இன்னும் ஒன்று. சில லேப்டாப்புகளில் உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் முழுக்கப் பூட்டப்பட்டிருக்கும். 'பிட்லாக்கர்' என்பார்கள், 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்றும் இருக்கும். ஆரம்ப அமைப்புகளில் கை வைத்தால் சில சமயம் அது சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவி கேட்கும். இல்லையென்றால் நம் வீட்டுக்குள் நாமே போக முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்து, பாங்க் பாஸ் புக் வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால் உபயோகமில்லை!

கிளப்புவதற்கு எஃப் 2, எஃப் 12, எஸ்கேப் என்று கம்பெனிக்கொரு பட்டன் சொல்வார்கள். தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரு சுலப வழி: பென் டிரைவைச் செருகி, ஷிஃப்ட் பட்டனை அழுத்திக் கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரை வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பென் டிரைவின் பெயர் தெரியும். அவ்வளவுதான். சும்மா 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும் என்பதாலும் இந்த வழி நல்லது. 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பைப் பெரும்பாலும் அணைக்க வேண்டியதில்லை. யாராவது அணைக்கச் சொன்னால் அந்த 48 இலக்கம் கையில் இருக்கிறதா என்று பார்த்து விட்டுச் செய்யுங்கள். திரை கறுப்பாகவே நின்று விட்டால் பதற வேண்டாம்; அணைத்து மறுபடி வந்து, முதல் பட்டியலில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் முதல் தடவையே வந்து விட்டது. "இதானா? நம்ம பழைய கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கே!" என்றாள் நாத்தனார்.

வந்ததும் மேஜை மாதிரி ஒரு திரை. அதில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு படம் இருக்கும். ஒத்திகை முடியும் வரை அதன் பக்கமே போகக் கூடாது. சுட்டியைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அது போல, பக்கத்தில் விண்டோஸ் டிஸ்க்கும் ஒரு பெட்டியாகத் தெரியும். திறந்து படங்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கே எதையாவது அழித்தால் நிஜமாகவே அழியும். லைவில் எதுவும் ஆகாது என்று சிலர் சொல்வதில் இந்த ஒரு ஓட்டை இருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும்? வைஃபை வருகிறதா, பாட்டு கேட்கிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, வெளிச்சம் கூட்டும் பட்டன் வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் எடுக்கிறதா. வைஃபை வராவிட்டால், போனை ஒயரில் இணைத்து 'யு.எஸ்.பி. டெதரிங்' போட்டு நெட் எடுத்து, மின்ட்டிலுள்ள 'டிரைவர் மானேஜரை'த் திறந்தால் சில சமயம் வழி பிறக்கும். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் கொஞ்சம் நிதானமாகத்தான் இருக்கும். அதை வைத்து எடை போட்டு விடாதீர்கள். நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம், வைஃபை பாஸ்வேர்டு உள்பட, அணைத்ததும் வாசல் தெளித்த கோலம் மாதிரிப் போய் விடும். எழுதியதை வைத்துக் கொள்ள வேண்டுமானால் வேறொரு பென் டிரைவில் சேமியுங்கள்.

நாத்தனார் வீட்டில் வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் தேறின. பிரிண்டரைத் தானாகவே கண்டுகொண்டது. புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் முரண்டு பிடித்தது. அடுத்து அவளுடைய எக்ஸல் கணக்கு. மின்ட்டிலேயே இருக்கிற லிப்ரே ஆபீஸில் திறந்தோம். கூட்டல்கள் எல்லாம் பைசா சுத்தமாக வந்தன. ஆனால் ஒரு பட்டனை அமுக்கினால் ரசீது அச்சாகும்படி யாரோ செய்து கொடுத்திருந்த 'மாக்ரோ' அசையவில்லை. வாடிக்கைக்காரர் பெயர்களும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. அவளுக்குக் கண் கலங்கி விட்டது.

விஷயம் ஒன்றுமில்லை. அவை பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. பழைய லேப்டாப்பிலிருந்த எழுத்துருக் கோப்பை எடுத்து இரண்டு தரம் தட்டி 'இன்ஸ்டால்' கொடுத்ததும் தமிழ் வந்து விட்டது. உங்களிலும் பலர் சமையல் குறிப்பு, மாமியார் சொன்ன கை வைத்தியம் எல்லாம் இப்படிப் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். புதிதாகத் தமிழ் அடிக்க விசைப்பலகை அமைப்பில் தமிழ் 99 இருக்கிறது. மாக்ரோவுக்கு மாற்றாகச் சாதாரண ரசீதுப் படிவம் ஒன்றைப் பையன் ராத்திரி உட்கார்ந்து போட்டுக் கொடுத்தான்.

பத்து நாள் தினமும் ஒரு மணி நேரம் பென் டிரைவிலேயே ஓட்டு என்றேன். ஓட்டினாள். மின்சாரக் கட்டணம் கட்டும் தளம், யூ டியூபில் ப்ளவுஸ் கட்டிங், பெரியவளோடு வீடியோவில் பேச்சு, எல்லாம் பிரௌசரிலேயே நடந்தன.

எல்லோருக்கும் இது ஒத்து வரும் என்று நான் சொல்ல மாட்டேன். டாலி கணக்கு எழுதுகிறவர்கள், போட்டோஷாப் வைத்துப் பிழைக்கிறவர்கள், எம்பிராய்டரி மெஷினுக்குக் கம்பெனி கொடுத்த டிசைன் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அவை லினக்ஸுக்கென்று செய்தவை அல்ல. எம்பிராய்டரிக்கு 'இங்க் ஸ்டிச்' என்ற இலவச மென்பொருள் லினக்ஸிலும் ஓடும். கையிலிருக்கும் வேலையை அதில் ஒரு தடவை செய்து பார்த்து விட்டு முடிவு செய்யலாம்.

ஒத்திகை திருப்தி என்றால் நிரந்தரமாக ஏற்றுவது. இங்கேதான் ஆபத்து. ஏற்றும்போது ஒரு திரையில் 'இரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால்' என்று ஒரு வரி வரும். டிஸ்க்கைத் துடைத்து விட்டு ஏற்று என்று அர்த்தம். அதைத் தேர்ந்தெடுத்து முன்னே போனால் விண்டோஸும் போகும், படங்களும் போகும். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே ஏற்றும் வழியும் உண்டு. இடத்தைப் பிரிக்கும்போது கரண்டு போனால் வம்பு என்பதால் சார்ஜ் முழுக்க ஏற்றிக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

நான் சொன்ன யோசனை வேறு. அந்தக் கால லேப்டாப்புகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க்கை ஸ்க்ரூ கழற்றி எடுத்து விடலாம். பழைய டிஸ்க்கை அப்படியே, விண்டோஸோடும் படங்களோடும், கழற்றி வைத்து விட்டு, அதே அளவில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டு அதில் லினக்ஸ் ஏற்றினோம். துடைக்கச் சொன்னாலும் துடைபடுவது காலி டிஸ்க்தானே! செலவு புது லேப்டாப்பில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை, எஸ்.எஸ்.டி. என்பதால் வேகமும் கூடி விட்டது. பிடிக்கா விட்டால் நாலு ஸ்க்ரூவில் பழைய டிஸ்க் திரும்ப உள்ளே வந்து விடும். அதைத் துணியில் சுற்றிப் பட்டுப் புடவைப் பெட்டியில் வைத்திருக்கிறாள் என் நாத்தனார். நகலெடுத்த டிஸ்க் பெரியவள் வீட்டில் இருக்கிறது.

மெமரி 1 ஜி.பி. உள்ள மெஷினுக்கு ஆகுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மின்ட் திணறும். 32 பிட் ப்ராசஸர் என்றால் இந்த 22 வரிசை ஏறவே ஏறாது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்' போய் 'அபௌட்' என்பதைத் திறந்தால் 32-ஆ 64-ஆ என்று அதிலேயே போட்டிருக்கும்.